சுடரிலிருந்து சிலிண்டர் வரை: வீட்டு கேஸ் குழாயில் கோளாறைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருளம் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் கேஸ் குழாய் வந்தது, முறை வைத்து மின்சாரத்தை நிறுத்திய லோட் ஷெடிங் காலத்தில்தான். கரண்ட் போனாலும் சோறு வெந்தாக வேண்டும் என்று 2022, 2023-இல் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாப் (கேஸ் அடுப்பு) வாங்கினார்கள், வெந்நீருக்கு கேஸ் கீஸர் மாட்டினார்கள். அந்த அவசரத்தில் போட்ட வேலைகள் இப்போது ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டுகின்றன. கேஸ் பொருத்தும் தொழிலில் இருக்கும் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, "அடுப்பு சரியில்லை, புது அடுப்பு வாங்கலாமா?" என்றுதான் தொடங்குகிறது. போய்ப் பார்த்தால் அடுப்பு நன்றாகவே இருக்கும். கோளாறு வெளிச்சுவரில், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரிலோ குழாயின் அளவிலோ இருக்கும்.

அதனால் முதலில் மூன்று கேள்விகள். ஒரு பர்னரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? திடீரென்று வந்ததா, நாள்பட வளர்ந்ததா? வேறொரு சாதனம் ஓடும்போது மட்டும் வருகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டில் வருவது எந்த கேஸ்? டர்பன் வீடுகளில் சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.தான். ஜோகன்னஸ்பர்க்கின் சில பழைய பகுதிகளில் தெருக்குழாய் வழியாக இயற்கை எரிவாயு வருகிறது. மொசாம்பிக்கின் பாண்டே, தெமானே வயல்களிலிருந்து செகுண்டா வரை 865 கிலோமீட்டர் குழாயில் 2004 முதல் ஓடிவரும் வாயு அது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் டிரெயினிலும் தேங்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசு, மேலே ஏறி சீலிங்கில் சேரும். வீட்டு எல்.பி.ஜி. வேலைக்கு எஸ்.ஏ.என்.எஸ். 10087-1, இயற்கை எரிவாயுக்கு எஸ்.ஏ.என்.எஸ். 827. இரண்டும் வேறு வேறு தென்னாப்பிரிக்கத் தரநிலைகள்.

வால்வை மூடுவது, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது, சிலிண்டர் மாற்றுவது, பர்னர் மூடியைக் கழுவுவது, இவை உங்கள் வேலை. குழாயை வெட்டுவது, ஃபிட்டிங்கைத் திறப்பது, ரெகுலேட்டரைத் திருகிச் சரிசெய்வது, ஜெட் (பர்னருக்குள் கேஸை விடும் சிறு துவாரமுள்ள முனை) மாற்றுவது, இவை எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸ் என்ற, கேஸ் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பில் பதிவு பெற்றவரின் வேலை. நல்ல பிளம்பராக இருந்தாலும் அந்தப் பதிவு இல்லாவிட்டால் கேஸ் குழாயைத் தொடக்கூடாது.

அறிகுறி: வாடை வருகிறது

அழுகிய முட்டை போன்ற அந்த வாடை கேஸின் சொந்த வாடை இல்லை. கசிவு தெரியட்டும் என்று சேர்த்தது. மூக்கில் ஏறியவுடன் செய்ய வேண்டியது: எரியும் தீயை எல்லாம் அணையுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் காமாட்சி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணிக் கரி எல்லாம் சேர்த்து. ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி உண்டு. சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், வெளியே போங்கள். போன் பேசுவதும் வெளியே போன பிறகுதான். வாடை கடுமையாக இருந்தாலோ வால்வை மூடியும் குறையாவிட்டாலோ அவசர உதவி எண் 10177-ஐ, கைபேசியிலிருந்து என்றால் 112-ஐ அழையுங்கள்.

வாடை அடங்கிய பிறகுதான் தேடல். எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். அடுப்பு பற்றவைக்கும்போது மட்டும் ஒரு நொடி வந்து போனால், பர்னர் உடனே பற்றவில்லை என்று அர்த்தம். பற்றவைக்கும் முள்ளும் பர்னர் மூடியும் அழுக்கு. சிலிண்டர் தீரும் சமயத்தில் மட்டும் வந்தால், வாடைப்பொருள் அடியில் செறிவாகத் தங்கிவிடுவது காரணமாக இருக்கலாம். அப்போதும் சோப்புத் தண்ணீர் தடவாமல் அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். எல்லாம் மூடியிருக்கும்போதும் வந்தால் அது கசிவு. அதில் சந்தேகமே வேண்டாம்.

சாட்ஸ்வர்த்தில் ஓர் அக்கா ஒருமுறை இப்படிச் சொன்னார்: "தம்பி, காலையில வாடையே இல்ல. சாயங்காலம் விளக்கேத்துற நேரத்துலதான் வருது." மூன்று வாரமாக அடுப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாராம். நான் நேராகப் பின்பக்கம் போனேன். 9 கிலோ சிலிண்டர் சமையலறைக் கதவை ஒட்டி, இரண்டு சுவர் சேரும் மூலையில் நின்றது. ரெகுலேட்டர் சிலிண்டரில் நுழையும் கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடம் கழித்துக் கடுகு அளவில் ஒரு குமிழ், பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. திருகி எடுத்தால், நுனியில் இருக்கும் கறுப்பு ரப்பர் சீலில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. பகலில் கடற்காற்று அடித்து வாயுவைக் கொண்டுபோய்விடும். மாலையில் காற்று ஓயும்போது அந்த மூலையில் தேங்கி, கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்திருக்கிறது.

சீல் மாற்றியது இரண்டு நிமிட வேலை. சிலிண்டரையும் நகர்த்த வேண்டும் என்றபோது அவருக்குப் புரியவில்லை: "அதான் சீல் மாத்தியாச்சே?" சீல் இன்னொரு நாள் இன்னொரு முறை கிழியும். அன்றைக்கு வாயு உள்ளே வராமல் இருக்கத்தான் தூரம். கதவு ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர், டிரெயின் துவாரத்திலிருந்து 2 மீட்டர், எல்லைச்சுவரிலிருந்து 3 மீட்டர் என்பவை தொழிலில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. தீத்தடுப்புச் சுவர் இருந்தால் எல்லைக் கணக்கு மாறும். பிளக்பாயிண்ட், மோட்டார் போன்றவற்றுக்கும் தூரம் உண்டு. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே "மழை படாத இடம்" என்று சிலிண்டர் வைப்பதுதான் நம் வீடுகளில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு.

சிலிண்டர் மாற்றும்போது ஒரு விஷயம்: அந்தத் திருகு இடப்பக்கத் திருகு. வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். பழக்கதோஷத்தில் மாற்றிச் சுற்றி, பிறகு ஸ்பேனர் போட்டு முறுக்கி, ரப்பர் சீலை நசுக்குகிறார்கள். கைப்பிடி உள்ள ரெகுலேட்டருக்குக் கை இறுக்கம் போதும். இறுகவில்லை என்றால் சீல் தேய்ந்திருக்கிறது, பலம் போட்டுப் பயனில்லை. சோப்புத் தண்ணீருக்குப் பதிலாக அம்மோனியா கலந்த சுத்திகரிப்பு திரவத்தை எடுக்காதீர்கள். அது பித்தளையில் விரிசல் விழச் செய்யும். கசிவு பார்ப்பதற்கென்று விற்கும் திரவமே நல்லது. தீக்குச்சியால் கசிவு தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அறிகுறி: எல்லா பர்னரிலும் சுடர் சிறுத்துவிட்டது

ஒரே பர்னர் சிறுத்தால் அந்த பர்னரின் ஜெட்டிலோ மூடியிலோ அடைப்பு. பாயசம் பொங்கி வழிந்த மறுநாள் வரும் கோளாறு இது. மூடியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஜெட் துவாரத்தில் ஊசியை விடாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும்.

எல்லாமே சிறுத்தால் பொதுவான இடத்தில் தேட வேண்டும். சிலிண்டர் தீர்ந்ததா? வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா? இரண்டும் சரி என்றால், கீஸர் ஓடும்போது மட்டும் சிறுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் கணக்கு ஒன்று தப்பியிருக்கிறது. அது எங்கே என்பதை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

முதல் இடம் சிலிண்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் கீஸர் முழு வேகத்தில் ஏறக்குறைய 24 கிலோவாட் இழுக்கும். 1 கிலோ எல்.பி.ஜி.யில் ஏறக்குறைய 13.7 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கீஸர் மணிக்கு 1.7 கிலோவுக்கு மேல் கேட்கிறது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வெளியிலிருந்து வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் சிலிண்டரின் தகட்டு வழியாகத்தான் வர முடியும். 9 கிலோ சிலிண்டரின் சின்ன உடம்பால் அந்த வேகத்துக்கு நெடுநேரம் ஈடுகொடுக்க முடியாது. திரவம் குளிர்ந்து அழுத்தம் விழும். தொட்டுப் பாருங்கள்: திரவம் நிற்கும் மட்டம் வரை சிலிண்டர் ஜில்லென்று வியர்த்திருக்கும், சில சமயம் வெண்பனி படிந்திருக்கும். கேஸ் தீரவில்லை, ஆவியாக மாட்டேன் என்கிறது. வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவது வைத்தியம் இல்லை. 19 அல்லது 48 கிலோ சிலிண்டருக்கு மாறுவதும், இரண்டை இணைத்துப் போடுவதும்தான் வைத்தியம். அதற்குத் தக்க இடமும் தூரமும் வெளியே இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காலையில் இது இன்னும் மோசம். எல்.பி.ஜி.யில் கலந்திருக்கும் பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஆவியாவதையே நிறுத்திவிடும். புரொப்பேனுக்கு அந்த எல்லை மைனஸ் 42.

இரண்டாவது இடம் குழாய். முதலில் ஹாப்புக்கு மட்டும் 15 மில்லிமீட்டர் செம்புக்குழாய் போட்டிருப்பார்கள். பிறகு அதே குழாயை வெட்டி, டீ (T) வடிவக் கிளை இணைப்பு ஒன்று போட்டுக் கீஸரைச் சேர்ப்பார்கள். கையில் பார்த்தால் 15-க்கும் 22-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே அளவு வாயு ஓடும்போது 15-இல் விழும் அழுத்தம் 22-இல் விழுவதைப்போல ஏறக்குறைய 7 மடங்கு. வீட்டு எல்.பி.ஜி. குழாயில் மொத்த அழுத்தமே 2.8 கிலோபாஸ்கல்தான். அதில் இழப்பதற்கு அதிகம் கிடையாது. இங்கே ரெகுலேட்டரைக் கூட்டிவைத்துச் "சரிசெய்வது" ஆபத்தான ஏமாற்று. கீஸரை மூடியவுடன் அந்தக் கூடுதல் அழுத்தம் அப்படியே ஹாப்பில் வந்து நிற்கும்.

அறிகுறி: சுடர் மஞ்சள், பாத்திர அடியில் கரி

நல்ல சுடர் நீலமாக, உள்ளே கூர்மையான கூம்போடு நிற்கும். மஞ்சள் நாக்கு ஆடினால் காற்று போதவில்லை. ஒரு பர்னர் என்றால் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது காற்று நுழையும் துவாரத்தில் சிலந்தி வலை. எல்லா பர்னரும் மஞ்சள் என்றால் ஜெட்டைச் சந்தேகியுங்கள். இயற்கை எரிவாயுக்கான ஜெட்டின் துவாரம் பெரியது, எல்.பி.ஜி. ஜெட்டின் துவாரம் சிறியது. ஜோகன்னஸ்பர்க்கில் தெருக்குழாயில் ஓடிய ஹாப்பை டர்பனுக்குக் கொண்டுவந்து சிலிண்டரில் மாட்டினால் சுடர் முழங்கை உயரம் எழும்பி மஞ்சளாகப் புகையும். எதிர்த்திசையில் போனால் சுடர் சோகையாக, பர்னரைவிட்டு எழும்பி அணையும். குழாயில் ஒரு கோளாறும் இருக்காது. பதிவு பெற்றவர், அந்தச் சாதனத்துக்கென்று தயாரிப்பாளர் தரும் ஜெட் தொகுதியை மாற்றினால் தீரும். அந்தத் தொகுதி இல்லாத மாடல்களும் உண்டு, அவற்றை ஊர் மாற்ற முடியாது.

கரி விழும் சுடர் கார்பன் மோனாக்சைடும் தரும். பாத்திரம் தேய்க்கும் தொந்தரவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: சுடர் எழும்பி நிற்கிறது, சீறுகிறது

இது அழுத்தம் அதிகம் என்பதன் அடையாளம், உடனே மூட வேண்டிய கோளாறு. புரட்டாசி பூஜைக்கோ காவடிக்கோ வெளியே பெரிய அண்டாவில் சமைக்க பாய்லிங் டேபிள் போட்டிருப்பீர்கள். அதற்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் மாட்டுவது உண்டு. விசேஷம் முடிந்த அன்று ராத்திரி, களைப்பில், அந்த ரெகுலேட்டரோடேயே வீட்டு லைனை இணைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே திருகில் உட்காரும், அதுதான் சிக்கல். எங்கள் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் இது நடந்தது. சித்தி பற்றவைத்ததும் சுடர் பர்னரைவிட்டு ஒரு விரல் உயரத்தில் நின்று கத்தியது. நல்லவேளை, பயந்து உடனே மூடிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு பாய்லிங் டேபிள் ரெகுலேட்டரில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறோம்.

ரெகுலேட்டர் சரியானதாக இருந்தும் சீறினால் உள்ளே டயஃப்ரம் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் தகடு) போயிருக்கும். கடலோரக் காற்றில் உப்பு ஏறி ரெகுலேட்டரின் மூச்சுத் துவாரம் துருவில் அடைபடும். அதைத் திறந்து பழுதுபார்க்கக் கூடாது, புதிது மாற்ற வேண்டும். மெல்லிய முனகல் மட்டும் கேட்டு சுடர் நன்றாக இருந்தால் அவசரமில்லை, அடுத்த சோதனையில் சொல்லுங்கள்.

அறிகுறி: அடுப்பைத் திருகும் குமிழை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிகிறது, விட்டால் அணைகிறது

சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் காவலன் ஒன்று அடுப்பில் இருக்கிறது, கோளாறு அதில்தான். வெப்பத்தை உணரும் முள் அழுக்காகவோ நகர்ந்தோ இருக்கும். துடைத்துவிட்டு, குமிழைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் முள்ளை மாற்ற வேண்டும். தீக்குச்சியைச் செருகிக் குமிழை அழுத்தியே வைக்கும் வேலை கூடவே கூடாது.

அறிகுறி: கீஸர் ஓடும்போது தலைவலி, மயக்கம்

குளிக்கும்போது தலை கனக்கிறது, குமட்டுகிறது, வெளியே வந்தால் தெளிகிறது என்றால், கீஸரை நிறுத்துங்கள், மறுபடி போடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மூக்கை நம்ப முடியாத ஒரே இடம் இது. அறைக்காற்றை எடுத்து எரியும் கீஸரைக் குளியலறைக்குள் வைக்கக் கூடாது. வெளிச்சுவரில் வைக்கும் வகை, அல்லது காற்றை வெளியிலிருந்தே எடுத்துப் புகையை வெளியிலேயே விடும் மூடிய வகை வேண்டும். "வெளியே வைத்தால் திருடிவிடுவார்கள்" என்று உள்ளே வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பயம் நியாயமானது. அதற்கு இரும்புக் கூண்டு போடுங்கள், காற்று போகும் கூண்டாக.

கீஸர் பற்றவே இல்லை என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து, தண்ணீர் அழுத்தம் குறைவா என்று பாருங்கள். பாதி அழைப்பு இங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: சோதனையில் அழுத்தம் இறங்குகிறது

குழாயில் அழுத்தம் ஏற்றி மூடிவைத்து, அது அப்படியே நிற்கிறதா என்று கசிவு பார்க்கும் சோதனை இது. இந்தப் பகுதி பொருத்துபவர்களுக்கும், பக்கத்தில் நின்று பார்க்கும் வீட்டுக்காரருக்கும். தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் குழாயில் 2.8 கிலோபாஸ்கல் என்பது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 285 மில்லிமீட்டர் வித்தியாசம். மூடி வைத்தபின் அது இறங்கினால் உடனே ஃபிட்டிங்குகளை முறுக்கத் தொடங்காதீர்கள். வெயிலைப் பாருங்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்று முழுவதும் 1 டிகிரி குளிர்ந்தாலே மட்டம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இறங்கும். டர்பனில் வெளிச்சுவர்க் குழாய்மேல் வெயில் அடித்து, மேகம் மறைத்தால் போதும். நிழல் நேரத்தில், வெப்பம் நிலைப்பட்ட பிறகு, மறுபடி வைத்துப் பாருங்கள். மட்டம் இறங்காமல் மேலே ஏறினால், நீங்கள் மூடியதாக நினைக்கும் வால்வு முழுதாக மூடவில்லை.

உண்மையாகவே இறங்கினால் பாதி பாதியாகப் பிரியுங்கள். சாதனங்களின் வால்வுகளை மூடிவிட்டு மறுபடி சோதனை. இப்போது நின்றால் குற்றம் சாதனத்தில் அல்லது அதன் ஹோஸில் (வளையும் ரப்பர் குழாயில்), சுவரில் போகும் குழாயில் இல்லை. ஹோஸ் 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, சுவர் வழியாகவோ கப்போர்டின் தடுப்பு வழியாகவோ போகக் கூடாது. வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். தெரியாவிட்டாலும் 5 வருடத்துக்கு மேல் நான் விடுவதில்லை.

இன்னும் இறங்கினால் குழாயில்தான். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தை முதலில் பாருங்கள். அங்கே உறைக்குழாய் இல்லாமல் செம்பு நேராகச் சிமெண்டில் பட்டிருந்தால், விளிம்பில் பச்சை படிந்திருக்கும். ஒருமுறை அந்தப் பச்சையை நகத்தால் சுரண்டினேன். அடியில் செம்பு வழவழப்பாக இல்லை, சொரசொரவென்று அரித்திருந்தது. டைல்ஸ் பதித்த சுவருக்குள் கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை (நட்டை இறுக்கிப் போடும் இணைப்பை) புதைத்துவிட்டுப் போகும் வேலையும் உண்டு. திறந்து பார்க்க முடியாத இடத்தில் அப்படிப்பட்ட இணைப்பு இருக்கவே கூடாது. சோதனைக்குக் காற்றோ நைட்ரஜனோ மட்டும், ஆக்ஸிஜன் ஒருபோதும் வேண்டாம்.

அறிகுறி: ஹாப்பைத் தொட்டால் ஷாக்

கேஸ்காரரைக் கூப்பிடாதீர்கள், எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். வாடையும் சேர்ந்து வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், முதலில் சொன்னபடி வெளியேறுங்கள்.

அறிகுறி: எல்லாம் எரிகிறது, ஆனால் சான்றிதழ் இல்லை

இதையும் கோளாறாகத்தான் எண்ணுகிறேன். 1993-இன் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 85-இன் கீழ் வந்த 2009-ஆம் ஆண்டு அழுத்தச் சாதன விதிகளில் 17-ஆம் விதி இதைக் கேட்கிறது. புதிதாகப் போட்டாலும், மாற்றிக் கட்டினாலும், வீடு கைமாறினாலும் கேஸ் சி.ஓ.சி. (விதிப்படி இருக்கிறது என்னும் இணக்கச் சான்றிதழ்) வேண்டும். எலெக்ட்ரிக்கல் சி.ஓ.சி. கையில் இருந்தால் போதும் என்பது தவறு, இது தனிக் காகிதம். வீடு விற்கும்போது வக்கீல் கேட்பார். தீப்பிடித்தால் காப்பீட்டுக்காரர் கேட்பார். வேலை செய்தவர் கொடுக்காமல் போயிருந்தால், வேறொருவர் வந்து சும்மா கையெழுத்துப் போட முடியாது. முழுதாகச் சோதித்து, குறை இருந்தால் சரிசெய்த பிறகுதான் போட வேண்டும். சும்மா போட்டுத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வருபவரிடம் பதிவு அட்டையைக் கேட்டு, பின்பக்கம் திருப்பி எந்த வேலைக்கு அனுமதி என்று படியுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. என்னிடம் கேட்டவர்கள்மேல் எனக்கு மதிப்புதான் கூடியது.

போன் செய்யும்போது "கேஸ் சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல் இவற்றைச் சொல்லுங்கள்: சிலிண்டரா தெருக்குழாயா, சிலிண்டர் எத்தனை கிலோ, என்னென்ன சாதனங்கள் ஓடுகின்றன, சுடரின் நிறம், எந்த நேரத்தில் வருகிறது, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டில் ஒருவர் தயங்கினால், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அவரிடம் முதலில் பேசுங்கள்.